ரிகம்பன்ட் ட்ரைக்ல டிஸ்க்கா ட்ரம்மா? மாத்துறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது

ரிகம்பன்ட் ட்ரைக்னா சாஞ்சு உக்காந்து ஓட்டுற மூணு சக்கர சைக்கிள். அதுல டேட்போல் வகையில, அதாவது முன்னாடி ரெண்டு சக்கரம் பின்னாடி ஒண்ணு இருக்குற வண்டில, நிக்கிற வேலை மொத்தமும் முன் சக்கரம் ரெண்டுக்கும்தான். பின்னாடி பிரேக் இருந்தாலும் அது பெரும்பாலும் வண்டிய நிறுத்தி வெக்கத்தான். அதனால டிஸ்க்க கழட்டிட்டு ட்ரம் போடுறதுங்குறது சின்ன பார்ட் மாத்துற வேலை இல்ல. நான் ரெண்டு வருஷம் மெக்கானிக்கல் டிஸ்க், அதாவது கேபிள்ல இயங்குற டிஸ்க் ஓட்டிட்டு 90 மில்லிமீட்டர் ட்ரம்முக்கு மாறினேன், இப்பவும் எல்லாருக்கும் மாத்துங்கன்னு சொல்ல மாட்டேன்.

முதல்ல டிஸ்க் ஏன் அலுத்துப்போகுதுன்னு சொல்றேன். 20 இஞ்ச் சக்கரத்துல 160 மில்லிமீட்டர் ரோட்டர், அதாவது சக்கரத்தோட சுத்துற பிரேக் தட்டு போட்டா அதோட கீழ் விளிம்பு தரையில இருந்து வெறும் 16 சென்டிமீட்டர் உயரத்துலதான் சுத்தும். பெரிய சக்கர சைக்கிள்ல இருக்குற மாதிரி இல்ல, ரோட்டுல இருக்குற சேறு, மணல், தேங்கின தண்ணி எல்லாம் நேரா அதுமேலதான், பேட் சீக்கிரம் தேயும், நனைஞ்சா கத்தும், வண்டிய கார்ல ஏத்தி இறக்கும்போது லேசா இடிச்சாலே ரோட்டர் வளைஞ்சு டிக் டிக்னு உரச ஆரம்பிச்சிடும். அவிட் பிபி7 மாதிரி காலிப்பர்ல, அதாவது பேட ரோட்டர்மேல அழுத்துற பாகத்துல, ரெண்டு பக்க பேடையும் கையாலயே திருகி சரி பண்ணலாம்ங்குறது உண்மையிலேயே பெரிய வசதிதான், ஆனா அத அடிக்கடி திருகிட்டே இருக்கணும்.

ட்ரம்ல இந்த தொல்லை எதுவும் இல்ல. உள்ள இருந்து அழுத்தி பிடிக்கிற ஷூ ரெண்டும் சக்கரத்தோட நடுவுல இருக்குற ஹப்புக்குள்ள மூடி இருக்கு, மழைல ஓட்டினாலும் வெயில்ல ஓட்டினாலும் லீவர்ல ஒரே மாதிரி பிடி கிடைக்குது. ஷூ தேயறது ரொம்ப மெதுவா, கேபிள எப்பவாச்சும் ஒரு தடவை இழுத்து விட்டா போதும். தினமும் வேலைக்கு போய் வர்ற ஆளுக்கு, அதுவும் சமதளமா இருக்குற ஊர்ல, இதவிட நிம்மதியான பிரேக் கிடையாது.

ஆனா இறக்கம்னு வந்துட்டா கதையே வேற. வண்டி, ஆளு, லக்கேஜ் எல்லாம் சேத்து 110 கிலோன்னு வெச்சுக்கோங்க, 300 மீட்டர் உயரத்துல இருந்து இறங்கினா கிட்டத்தட்ட 3,20,000 ஜூல் சக்தி எங்கயாவது போயாகணும், அது ஒரு லிட்டர் தண்ணிய 25 டிகிரில இருந்து கொதிக்க வெக்கிற சூடு. காத்தும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கும், மெதுவா இறங்கினா அதுவும் குறைவு, மீதி முழுக்க முன் பிரேக் ரெண்டுலயும்தான். டிஸ்க்ல அந்த சூடு திறந்த காத்துல போயிடும். ட்ரம்ல உள்ளயே தங்கும், போதாததுக்கு சூடானா ட்ரம் விரிஞ்சு ஷூவ விட்டு விலகிப்போகும், லீவர் கைப்பிடிகிட்ட வரைக்கும் வந்துடும், பிடியும் குறையும். ஒரு நீளமான இறக்கத்துல எனக்கே இது நடந்துச்சு, பாதில ஓரமா நிறுத்தி ஆற விட்டுட்டுதான் மிச்சத்த இறங்கினேன். 70 மில்லிமீட்டர் ட்ரம்ல இது இன்னும் சீக்கிரமே வரும், ட்ரம்னு முடிவு பண்ணிட்டா 90தான் போடணும்.

மாத்துற வேலையில நிறைய பேர் கோட்டை விடுறது கிங்பின்ல, அதாவது முன் சக்கரத்த தாங்கி திருப்புற பாகத்துல. டிஸ்க்குக்கு காலிப்பர் மாட்டுற காது இருந்தா போதும், ட்ரம்முக்கு பிரேக் பிளேட் சக்கரத்தோட சேந்து சுத்தாம பிடிச்சு நிறுத்த கிங்பின்ல தனியா ஒரு தாங்கல் வேணும். உங்க வண்டி கம்பெனி ட்ரம் மாடலும் போட்டிருந்தா அந்த கிங்பினையே தேடி வாங்கிடுங்க. அது இல்லாம நீங்களா ஒரு பட்டைய வெல்டு பண்ணி ஒட்டுறத நான் ஒத்துக்கவே மாட்டேன், பிரேக் பிடிக்கிற மொத்த விசையும் அந்த ஒரு இடத்துலதான் விழுது. ஆக்சில் தடிமன், நீளம் ரெண்டையும் அளந்து பாத்துட்டு ஹப் வாங்கணும்.

சக்கரமும் புதுசா கட்டணும். ட்ரம் ஹப்புல ஸ்போக் மாட்டுற விளிம்பு பெருசு, பழைய ஸ்போக் தேவைக்கு மேல நீளமா இருக்கும். ரிம்ல இருக்குற ஓட்டை எண்ணிக்கையும் ஹப்ல இருக்குறதும் ஒண்ணா இருந்தா ரிம்ம மட்டும் காப்பாத்தலாம்.

அப்புறம் லீவர். இத யாரும் எனக்கு முன்னாடியே சொல்லல, அதனால அழுத்தி சொல்றேன். பிபி7ல மலை சைக்கிளுக்கான மாடல் நிறைய கேபிள் இழுக்குற லீவர கேக்கும், ரிம்ம ரெண்டு பக்கமும் பிடிக்கிற வி-பிரேக்குக்கு வர்ற அதே லீவர். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி ட்ரம் கம்மியா இழுக்குற சாதா லீவர கேக்கும். பழைய லீவரையே விட்டீங்கன்னா லீவர் கட்டை மாதிரி இறுக்கமா இருக்கும், ஆனா பிரேக் சரியா பிடிக்காது, நீங்க ட்ரம்தான் மோசம்னு திட்டுவீங்க. நானும் ஒரு வாரம் அப்படித்தான் திட்டினேன், லீவர மாத்தின அன்னிக்கே வண்டி வேற வண்டி ஆயிடுச்சு.

புது ஷூ படியறதுக்கும் கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் ஒரு பக்கம் அதிகமா பிடிச்சு வண்டிய இழுக்கும். அதனாலதான் ஒரு சக்கரத்துல மட்டும் ட்ரம் போட்டு சோதிச்சு பாக்கலாம்னு நினைக்கவே கூடாது, இடது வலது ரெண்டும் ஒரே நாள்ல மாறணும்.

என் கணக்குல, மழை, சேறு, தினசரி ஓட்டம், சமதளம்னா ட்ரம். மலை, பாரம், நீண்ட பயணம்னா டிஸ்க்கே இருக்கட்டும், நல்ல பேடும் புது கேபிளும் போட்டாலே பாதி குறை போயிடும். கழட்டின கிங்பின், காலிப்பர், பழைய லீவர் எதையும் நான் விக்கல, ஒரே பெட்டில போட்டு வெச்சிருக்கேன், அடுத்த மலைப்பயணத்துக்கு திரும்ப மாட்ட.