அக்டோபர் கணிப்பும் ஏப்ரல் பட்டியலும்: என்எச்எல் 2024–25ஐ வைத்து ஓர் ஒப்பீடு

2024 ஜூலை 1 அன்று, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் நாஷ்வில் பிரெடேட்டர்ஸ் அணி ஸ்டீவன் ஸ்டாம்கோஸ், ஜோனதன் மார்ஷசோ, பிரேடி ஷே ஆகிய மூன்று பேரையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டது. மூன்று ஒப்பந்தங்களும் சேர்ந்து 10.85 கோடி டாலர். முந்தைய சீசனில் ஸ்டாம்கோஸ் 40 கோல், மார்ஷசோ 42 கோல் அடித்திருந்தார்கள். ஏற்கெனவே 99 புள்ளி எடுத்த அணி, இவர்களும் வந்துவிட்டால் லீக்கின் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பைக்கே மோதும் என்று அந்தக் கோடையில் பலரும் எழுதினார்கள். சீசன் தொடங்கியது. நாஷ்வில் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. ஏப்ரலில் கையில் இருந்தது 68 புள்ளி.

இந்த ஒன்றைக் காட்டி நிபுணர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாம். அது நியாயமாக இருக்காது. ஒரு கணிப்பு தப்பியதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மூளையே செலவழிக்காத ஒரு வழியில் கணித்திருந்தால் எவ்வளவு தப்பியிருக்கும் என்றும் பார்க்க வேண்டும். அந்த அளவுகோல் கையில் இல்லாமல் யாரையும் பாராட்டவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது. அதனால் எக்செல்லில் 32 அணிகளையும் வரிசையாகப் போட்டு, மூன்று சோம்பேறி வழிகளை முதலில் மோதவிட்டேன்.

முதல் வழி: போன சீசனில் எடுத்த அதே புள்ளியை இந்த சீசனிலும் எடுக்கும். (அரிசோனா அணியின் ஆட்டக்காரர்கள் யூட்டாவுக்குப் போய்விட்டதால் அந்த 77 புள்ளியை யூட்டா பெயரில் வைத்தேன்.) இரண்டாவது வழி: எந்த அணியைப் பற்றியும் எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எல்லோருக்கும் லீக் சராசரியான 91. ஜெயித்தால் 2 புள்ளி, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றாலும் 1 புள்ளி என்பதால் 82 ஆட்டத்துக்குச் சராசரி இப்படி 90ஐத் தாண்டி நிற்கிறது. மூன்றாவது வழி இரண்டுக்கும் சரி பாதி. போன சீசனில் 109 எடுத்த பாஸ்டனுக்கு 100, 47 எடுத்த சான் ஹோசேவுக்கு 69.

முடிவு இப்படி வந்தது. போன வருடப் பட்டியலை அப்படியே வைத்தால் அணிக்குச் சராசரியாக 12.3 புள்ளி தப்புகிறது. எல்லோருக்கும் 91 என்று போட்டால் 11.7. பாதிப் பாதிக்கு 10.2.

முதல் இரண்டு எண்களையும் மறுபடி கூட்டிப் பார்த்தேன். சரிதான். போன வருடம் நடந்ததை முழுசாக நம்பியவரைவிட, அணிகளின் பெயரே தெரியாதவர் அந்த சீசனில் நன்றாகக் கணித்திருப்பார். காரணம் மூன்று அணிகள். பாஸ்டன் 109இலிருந்து 76க்கு விழுந்தது. நாஷ்வில் விழுந்தது 31 புள்ளி. லீக்கிலேயே முதலாவதாக 114 எடுத்த நியூயார்க் ரேஞ்சர்ஸ் 85க்கு வந்து, கோப்பைக்காக 16 அணிகள் மோதும் பிளேஆஃப் சுற்றுக்கே போகவில்லை. மேலே இருப்பவர்கள் கொஞ்சம் இறங்குவார்கள், கீழே இருப்பவர்கள் கொஞ்சம் ஏறுவார்கள் என்பதைத்தான் பாதிப் பாதி வழி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கரோலினாவுக்கு அது சொன்னது 101, எடுத்தது 99. கொலராடோவுக்கு 99, எடுத்தது 102. ஒரு வரி சூத்திரத்துக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் இன்னொரு எண்ணும் வேண்டும்: மிகச் சிறந்த கணிப்பாளர் எவ்வளவு தப்புவார்? சராசரி அணி ஒன்றின் உண்மையான பலம் உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கம்பத்தில் பட்டுத் திரும்பும் பக் (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு), ஷூட்அவுட், ஒரு சறுக்கல் என்று 82 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நாணயம் சுண்டும் கணக்கைப் போட்டால் இது மட்டுமே சராசரியாக சுமார் 7 புள்ளி வருகிறது. ஆக, 10.2க்கும் 7க்கும் நடுவில் இருக்கும் மூன்று புள்ளிச் சொச்சம்தான் நிபுணர்கள், பந்தய நிறுவனங்கள், கணினி மாடல்கள் எல்லோருக்குமான மைதானம். யாராவது இரண்டு புள்ளி பிழையில் கணிப்பேன் என்றால் நம்ப வேண்டாம்.

இந்தக் குறுகிய மைதானத்தில் யார் எங்கே பலம்?

நிபுணர்களின் பலம் அடிமட்டத்தில் தெரிகிறது. பாதிப் பாதி வழி சான் ஹோசேவுக்கு 69 கொடுத்தது, அணி எடுத்தது 52. அந்த அணி பழைய ஆட்டக்காரர்களை விற்று, 18 வயது மெக்லின் செலிப்ரினியை வைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது என்பது ஹாக்கி பார்க்கும் எவருக்கும் தெரியும். சூத்திரத்துக்குத் தெரியாது. ஆனால் மேல்மட்டத்தில் அதே நிபுணர்கள் பெயர்களிடம் மயங்குகிறார்கள். ஸ்டாம்கோஸுக்கு 34 வயது, மார்ஷசோவுக்கு 33. போன சீசனில் இருவரும் சேர்ந்து அடித்த 82 கோல் நாஷ்வில்லில் 48 ஆனது. முப்பதைத் தாண்டிய கோல் வேட்டைக்காரர் இறங்குமுகத்தில் இருப்பார் என்பது ரகசியமே இல்லை. ஜூலை உற்சாகத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

பந்தய நிறுவனங்கள் இந்த மயக்கத்துக்குக் குறைவாகவே ஆளாகின்றன, ஏனென்றால் தப்பினால் அவர்கள் காசு போகும். ஓர் அணி 98.5 புள்ளிக்கு மேலா கீழா என்று அவர்கள் வைக்கும் கோடு, எல்லோருடைய கருத்தும் பணமாக வந்து மோதி நின்ற இடம். வழக்கமாக எந்தப் பக்கம் கட்டினாலும் 110 டாலருக்கு 100 டாலர்தான் லாபம். அதனால் நூற்றுக்கு 52.4 தடவைக்கு மேல் சரியாகச் சொன்னால்தான் கட்டியவருக்கு நஷ்டமில்லை. ஒரு நிபுணர் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னேன் என்றால் இந்த 52.4ஐத்தான் அவரிடம் கேட்க வேண்டும். கோப்பை யாருக்கு என்ற சந்தையை மட்டும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன். ரசிகர்கள் மனசை வைத்துப் பணம் கட்டும் இடம் அது. எதிர்ப்பக்கத்திலும் அது தடுமாறும். 2017இல் புதிதாகப் பிறந்த வேகாஸ் கோல்டன் நைட்ஸுக்கு 500க்கு 1 வரை (ஒரு டாலர் கட்டினால் 500 டாலர் லாபம்) கொடுத்தார்கள். அந்த அணி 109 புள்ளி எடுத்து இறுதிச் சுற்று வரை போனது.

மாடல்களின் வேலை வேறு மாதிரி. எத்தனை கோல் என்பதைவிட, எந்த இடத்திலிருந்து எத்தனை ஷாட் என்று எண்ணி, எவ்வளவு கோல் வந்திருக்க வேண்டும் என்று அவை பார்க்கின்றன. 2023–24இல் வான்கூவர் 109 புள்ளி எடுத்தது. ஆனால் அதன் ஷூட்டிங் சதவீதத்தையும் (ஷாட்களில் கோலானவை) கோலியின், அதாவது கோல்கீப்பரின், சேவ் சதவீதத்தையும் (வந்த ஷாட்களில் தடுத்தவை) கூட்டினால் லீக்கிலேயே அதிகம். அந்தக் கூட்டுத்தொகை நீண்ட நாள் உயரத்தில் நிற்பதில்லை. இறங்கும் என்றன மாடல்கள், 90க்கு இறங்கியது. கோலி டெம்கோவின் முழங்கால் காயமும், முன்னணி ஆட்டக்காரர்கள் மில்லருக்கும் பெட்டர்சனுக்கும் ஒத்துப்போகாததும் இதில் சேர்த்தி. இருந்தாலும் திசையைச் சரியாகச் சொன்னதற்கு மாடலுக்கு மதிப்பெண் கொடுப்பேன்.

அதே தர்க்கம் வாஷிங்டனிடம் கவிழ்ந்தது. 2023–24இல் அந்த அணி அடித்ததைவிட வாங்கிய கோல் 37 அதிகம். எப்படியோ 91 புள்ளியோடு பிளேஆஃபுக்குள் நுழைந்திருந்தது. அடுத்த சீசனில் மூழ்கும் என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. எடுத்ததோ 111. கோலி லோகன் தாம்சன், டிஃபென்ஸில் சிக்ரன், சென்டரில் டுபுவா என்று அணியின் எலும்பையே மாற்றியிருந்தார்கள். 39 வயது ஓவெச்கின் காலெலும்பு முறிந்து 16 ஆட்டம் உட்கார்ந்தும் 44 கோல் அடித்தார். லீக் வரலாற்றிலேயே அதிக கோல் என்ற கிரெட்ஸ்கியின் சாதனையைத் தாண்டிய 895ஆவது கோல் அதில் ஒன்று.

எல்லோரையும் சமமாக வீழ்த்துவது கோலி. பாஸ்டனின் ஸ்வேமன் சம்பளப் பேச்சு இழுத்ததால் பயிற்சி முகாமுக்கே வராமல், அணியின் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு 6.6 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அவருடைய சேவ் விகிதம் .916இலிருந்து .892க்கு விழுந்தது. நூறு ஷாட்டுக்கு இரண்டு கோல் சொச்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் ஓர் இரவுக்கு முப்பது ஷாட் வரும் ஆட்டத்தில் அது சீசனையே கவிழ்க்கும். இதன் மறுபக்கம் 2019இல் நடந்தது. ஜனவரித் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் லீக்கிலேயே கடைசி. பின்னிங்டன் என்ற புது கோலி வந்தார், ஜூனில் கோப்பையை வாங்கினார்கள்.

பிளேஆஃப் அணிகள் 16இல் எத்தனையைச் சரியாகச் சொன்னார் என்று மதிப்பெண் போடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முந்தைய வருட 16 அணிகளையே மறுபடி எழுதிவைத்தால் 2022–23இல் 11, அடுத்ததில் 13, அதற்கடுத்து 11 சரி. அதனால் 12 சரியாகச் சொன்னேன் என்பதில் பெருமைப்பட அதிகமில்லை. அதைவிட மோசம், 2024–25இல் செயின்ட் லூயிஸும் கால்கரியும் ஆளுக்கு 96 புள்ளி. ஓவர்டைமுக்குப் போகாமல் ஜெயித்த ஆட்டங்களின் கணக்கில் செயின்ட் லூயிஸ் உள்ளே, கால்கரி வெளியே. கால்கரி நன்றாக ஆடும் என்று துணிந்து சொன்னவருக்குப் பூஜ்யம் போடுவது எப்படிச் சரியாகும்? புள்ளி வித்தியாசத்தை அளந்தால் இந்த அநியாயம் இல்லை.

அந்த அளவிலும் சிக்காத அணி ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 29 அன்று கொலம்பஸ் அணியின் ஜானி கோட்ரோவும் அவர் தம்பி மேத்யூவும் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தார்கள். 66 புள்ளி எடுத்திருந்த அணி, இந்தத் துக்கத்துக்குப் பிறகு மறுபடி அடியில்தான் இருக்கும் என்று பரவலாக எழுதப்பட்டது. சொந்த ஊரின் முதல் ஆட்டத்தில் கொலம்பஸ் அவருடைய இடது விங் இடத்தைக் காலியாக விட்டு நான்கு பேரோடு நின்றது. பக் விழுந்தது. இரண்டு அணியிலும் யாரும் அதைத் தொடவில்லை. அவருடைய எண்ணான 13க்காகக் கடிகாரம் 13 விநாடி ஓடியது. அந்த அணி 89 புள்ளி எடுத்து, பிளேஆஃபின் கடைசி இடத்தைப் பிடித்த மொன்ட்ரியாலுக்கு இரண்டே புள்ளி பின்னால் முடித்தது. என் எக்செல்லில் அதற்கு எதிரே இருப்பது 10.5 புள்ளிப் பிழை.