லெதர் செற்றியோ ரெக்சின் செற்றியோ, எங்கட மாரியைத் தாங்கிறது எது?

எங்கட வீட்டில ரெண்டையும் பாத்தாச்சு. முதல் இருந்தது ரெக்சின். இப்ப கிடக்கிறது, கொழும்பில வீட்டை விட்டு வெளிக்கிட்ட சொந்தக்காரரிட்ட வாங்கி லொறியில கிளிநொச்சிக்குக் கொண்டுவந்த பழைய லெதர் செற்றி. நான் லெதர் பக்கம்தான், அதை முதலே சொல்லிப்போடுறன்.

விலையில ரெக்சின்தான் மலிவு. பிள்ளையள் தேத்தண்ணி ஊத்தினாலும் ஒரு ஈரத்துணி போதும். வெயிலுக்கு முதுகு ஒட்டுறது லெதரில குறைவு. இதுகள் கடையில போய் இருந்து பாத்தாலே விளங்கும்.

ஆனா பழுதாகத் தொடங்கினாப் பிறகு அதைத் திருப்பி எடுக்கேலுமோ எண்டதுதான் எனக்குப் பெரிய விசயம். ரெக்சின் எண்டுறது துணிக்கு மேல பூசின பிளாஸ்ரிக் படை, அதில பியூ (பொலியூரித்தேன்) எண்ட பிளாஸ்ரிக் சாதியை ஈரமும் சூடும் சேந்து உள்ளுக்கயே உடைச்சுப்போடும், எங்களிட்ட ரெண்டும் தாராளமாக் கிடக்கு. எங்கட செற்றி நாலாம் வருசம் கைபிடியில பொருக்குப் பொருக்கா உரிஞ்சுது, பிறகு இருந்து எழும்புற ஆக்களின்ர உடுப்பெல்லாம் கறுப்புத் தூள். என்ன கிறீம் பூசினாலும் பிளாஸ்ரிக்குக்குள்ள ஊறாது. தோல் தூளைப் பசையோட அழுத்தி மேல பியூ பூசினதையும் லெதர் எண்டு விக்கினம், அதுவும் இப்பிடித்தான் உரியும், கவனம்.

லெதரும் சும்மா இருக்காது. முதல் மாரியில, கார்த்திகை மாசம், புழுதி படக்கூடாதெண்டு பொலித்தீனால மூடிச் சுவரோட தள்ளி விட்டிட்டன், ரெண்டு கிழமையில பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். வெளியில விறாந்தைக்கு இழுத்து, காஞ்ச துணியால துடைச்சு, பாமசியில வாங்கின சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டுக்குச் சரிபாதி தண்ணி கலந்து துணியில நனைச்சு மெல்லமாத் துடைச்சனான், முதல் அடியில தெரியாத இடத்தில வச்சு நிறம் போகுதோ எண்டு பாத்திட்டுத்தான். கிட்ட விளக்கு, நுளம்புத்திரி ஒண்டும் இருக்கக்கூடாது. பிறகு நிழலில காய விட்டன், வெயிலில விட்டால் தோல் இறுகி வெடிக்கும். செற்றி திரும்பி வந்திட்டுது, அந்த ரெக்சினுக்கு இது நடக்கவே நடக்காது.

அதுக்குப் பிறகு சுவரில இருந்து ஒரு சாண் தள்ளித்தான் போடுறது, மூடுறதெண்டால் பழைய பருத்திச் சீலை. வருசத்தில ரெண்டு தரம் லெதர் கண்டிஷனர் (தோல் காஞ்சு வெடிக்காமப் பூசுற கிறீம்), தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருக்கா, சோளகம் தொடங்க முதல் ஒருக்கா. புழுதி காலத்தில கிழமைக்கு ஒருக்கா மெல்லிய ஈரத்துணி, ஏனெண்டால் அந்தச் செம்புழுதி மடிப்புக்குள்ள இருந்து அரத்தாள் மாதிரி உரசும். சட்டி கழுவுற சோப் வேண்டாம், அது காரம், தோல் கொஞ்சம் அமிலப் பக்கம்.

அம்மா தேங்காயெண்ணெய் பூசச் சொன்னவ. நாங்கள் பூசேல்லை. எண்ணெய் புழுதியைப் பிடிக்கும், நாள்பட மணக்கும். தலைக்கு வைக்கிற எண்ணெயே சாயிற இடத்தைப் பிசுபிசுக்கப் பண்ணிப்போடும், அதுக்குத்தான் தலைப்பக்கம் ஒரு துவாய் போட்டிருக்கிறம்.

எங்கட செற்றி மேல நிறம் பூசின சாதி, தண்ணித் துளி விட்டால் மேலயே நிக்கும். துளி உடன உள்ளுக்க இழுபடுற லெதரை நான் வச்சுப் பாக்கேல்லை, அதுக்கு இந்த ஸ்பிரிட் முறையை நம்பிச் செய்யாதேங்கோ. எங்களுக்கும் இது நாலாவது மாரிதான்.

மாரியில வீட்டைப் பூட்டிப்போட்டு மாசக்கணக்கா வெளியில நிக்கிற ஆக்கள் எண்டால் ரெண்டும் வேண்டாம், தேக்கு மரச் செற்றிக்குக் கழட்டிக் காயப்போடக்கூடிய குஷன் தையுங்கோ.