காரைக்குடி வீட்டில் ஸ்லோ ஜூஸர்: வாங்கலாமா, வேண்டாமா?

வீட்டிலேயே ஜூஸ் போட்டுக் குடித்தால் உடம்புக்கு நல்லது, மிஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: யார் கழுவுவது?

எங்களுடையது ஸ்லோ ஜூஸர். ஒரு திருகு மெதுவாகச் சுற்றி, காயை நசுக்கிப் பிழியும். சத்தமும் நுரையும் குறைவு. மோட்டாரில் இதுவரை எந்தக் குறையும் இல்லை. ஆனால் கேரட்டைப் பொடியாக நறுக்கித்தான் போட வேண்டும், நெல்லிக்காயில் கொட்டையை எடுத்தாக வேண்டும். குடித்த கையோடு சல்லடையைக் கழுவாமல் விட்டால், காய்ந்த சக்கை பிரஷுக்கும் அசைவதில்லை. ஒரு கிலோ கேரட்டுக்கு அரை லிட்டர் போலத்தான் சாறு வரும். சந்தையில் விலை ஏறும் மாதங்களில் இது கையைக் கடிக்கும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. யோசிக்க வைத்தது அப்பச்சியின் சர்க்கரை. ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் போகிறது. உரித்துத் தின்றால் இரண்டோடு நிறுத்திவிடுவார். நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுவதால் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், பழச்சாற்றின் சர்க்கரையையும் டீயில் போடும் சர்க்கரையையும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. நாளின் மொத்தக் கலோரியில் அது 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம். 250 மி.லி. ஆரஞ்சுச் சாற்றிலேயே 20 கிராம் போல வந்துவிடுகிறது!

“பல்லு இருக்கைல எதுக்குப்பா பிழிஞ்சு குடிக்கணும்?” என்று ஆத்தா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது பழங்களை நறுக்கித்தான் சாப்பிடுகிறோம். மிஷினில் வெண்பூசணி, நெல்லிக்காய், இஞ்சி, எப்போதாவது கேரட். வெயில் கொளுத்தும் சித்திரையில் வெண்பூசணிச் சாறு நன்றாகவே இருக்கிறது. உடம்பின் கழிவை ஜூஸ் வெளியேற்றும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை; அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட், பசலைச் சாற்றைத் தினமும் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. இரண்டிலும் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம்.

எதிர்பாராத லாபம், கேரட் சக்கை. காரக் குழிப்பணியார மாவில் கலந்தால் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் கூட இரண்டு சேர்த்துக் கேட்கிறார்கள்.

அப்புறம், சுரைக்காய் ஜூஸ் போடுகிறவர்கள் முதலில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயையே தூக்கிப் போடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு. ரத்த வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இறந்தவர்களும் உண்டு. பாகற்காயோடு சேர்த்துப் பிழியவும் வேண்டாம், எந்தக் காயின் கசப்பு என்று தெரியாமல் போய்விடும்.