பழைய பிரெஞ்சு சைக்கிளை ரீஸ்டோர் பண்ணக் கொடுக்கிறீர்களா? முதலில் பிபி (பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுழலும் அடிக்குழாய்) மரையைப் பாருங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள் வைத்திருப்பவர்கள், அதிலும் பிரெஞ்சு வண்டி வைத்திருப்பவர்கள், ‘விண்டேஜ் ரெஸ்டரேஷன்’ என்று போர்டு போட்ட கடைக்கு ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடை பெயரைப் போடப் போவதில்லை, கமெண்டில் கேட்காதீர்கள். புகார் போய்க்கொண்டிருக்கிறது.

வண்டி 70களில் வந்த பெஜோ. பெரியப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சர்வீஸ் முடித்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. மஃபாக் பிரேக், சிம்ப்ளெக்ஸ் கியர், காட்டர் பின் போட்ட இரும்பு கிராங்க். கடல் காற்று பட்ட வீட்டில் இத்தனை வருஷம் கிடந்தும் ஃபிரேம் உள்ளே பெரிய துரு இல்லை. முக்கால்வாசி வேலையை மொட்டை மாடியிலேயே முடித்துவிட்டேன். சின்ன இரும்புச் சாமான்களை ஆக்ஸாலிக் ஆசிட் தண்ணீரில் ஊறப்போட்டு, சோடா மாவுத் தண்ணீரில் அலசி எடுத்தால் துரு போய்விடுகிறது. கையுறை கட்டாயம். அலுமினியத்தை மட்டும் அதில் போடக் கூடாது. குரோம் போட்ட ஹேண்டிலுக்கு அலுமினிய ஃபாயிலும் தண்ணீருமே போதும்.

வெளியே கொடுத்தது மூன்றே வேலை: பிபி-யின் வலது கப்பை (அச்சின் பேரிங்கைத் தாங்குகிற, மரை போட்ட மூடி) கழற்றுவது, புது 7 ஸ்பீடு வீலுக்காகப் பின் ஃபிரேமை 120 எம்எம்-மில் இருந்து 126 எம்எம்-முக்கு விரிப்பது, பவுடர் கோட்டிங். மொத்தம் 14,500 ரூபாய் பேசி, 6,000 அட்வான்ஸ் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது.

கப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டியைக் கொன்றது அதுதான். நம் ஊரில் ஓடுகிற சாதா வண்டிகளின் பிபி இங்கிலீஷ் மரை: 1.37 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை, வலது பக்கக் கப்பு எதிர் மரை. அதாவது அதை வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். அந்தக் காலத்துப் பிரெஞ்சு வண்டியில் 35 எம்எம், 1 எம்எம் பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), இரண்டு பக்கமும் நேர் மரை. இங்கிலீஷ் கப்பைக் கழற்றுகிற பழக்கத்தில் இதைத் திருகினால் இறுகிக்கொண்டேதான் போகும். சுவிஸ் மரை என்று இன்னொன்றும் உண்டு. அளவு பிரெஞ்சு, வலது பக்கம் எதிர் மரை. வம்பு பிடித்தது, ஆனால் அபூர்வம்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் வாயாலும் சொன்னேன், வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. “சார், எல்லா சைக்கிளும் ஒண்ணுதான், நீங்க டென்ஷன் ஆகாதீங்க” என்றார். அப்புறம் போன் பண்ணும்போதெல்லாம் “பெயிண்ட் காய்ஞ்சிட்டு இருக்கு சார்.” பவுடர் கோட்டிங் அடுப்பில் 180, 200 டிகிரியில் வெந்து வருகிற சமாச்சாரம். அது காய்வதற்கு வாரக்கணக்கில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதே உறைத்தது.

வண்டி வந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஜோர். பெடலைச் சுற்றினால் பிபி-யில் ‘கடக்’ என்று ஒரு சத்தம், வலது கிராங்கில் ஆட்டம். வலது கப்பைக் கையில் பிடித்துத் திருப்பினேன். ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. அதன் மரை இடுக்கு முழுக்கச் சாம்பல் நிறத்தில் எம்-சீல்! நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபிரேமின் மரை மேலே பாதி மழுங்கி, கீழே சுத்தமாக இல்லை. உளி வைத்து அடித்த தடம் மூன்று இடத்தில் தெரிகிறது, அதன் மேலேயே பெயிண்ட். பழைய கப்பைத் தப்புத் திசையில் முறுக்கி, வராமல் போக அடித்துப் பெயர்த்து, சாதா வண்டிக் கப்பை உள்ளே திணித்து, பசை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இங்கிலீஷ் கப்பு 34.8 எம்எம், பிரெஞ்சு ஓட்டை 35. கிட்டத்தட்ட உட்காருகிற மாதிரி தெரியும், உட்காராது. அதுவும் எதிர் மரைக் கப்பு நேர் மரையில் எப்படி ஏறும்?

முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த வயசான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தவர், “இத யார்ட்ட குடுத்த தம்பி? மரையே இல்லியே” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து, பின் ஃபிரேம். ஸ்டீலை 6 எம்எம் விரிப்பது பயப்படுகிற வேலை இல்லை, பக்கத்துக்கு 3 எம்எம்தான். ஆனால் நடுவில் ஜாக்கி மாதிரி எதையாவது வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தள்ளினால், எந்தப் பக்கம் இளக்கமோ அது மட்டும் அதிகமாக நகரும். சோதிக்க ஒரு நூல் போதும். ஒரு பக்கம் பின் அச்சு உட்காருகிற காதில் கட்டி, முன்னால் தலைக்குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து, மறு பக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயில் இருந்து நூல் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். என் வண்டியில் வித்தியாசம் 7 எம்எம். காதுகளும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. அந்த நிலையில் வீலை முடுக்கினால் அச்சு வளையும், ஒருநாள் உடையவும் செய்யும். “எங்ககிட்ட ஜிக் இருக்கு சார்” (ஃபிரேமை நேராகப் பிடித்து வைக்கிற சட்டம்) என்று சொன்ன கடை இது.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணல் அடிக்காமல் துருவின் மேலேயே அடித்திருக்கிறார்கள், முதல் மழைக்கே செயின் பக்கக் குழாயில் கொப்புளம். தலைக்குழாயில் இருந்த சிங்க முத்திரையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். எங்கே என்று கேட்டால் “அது ஸ்டிக்கர்தானே சார்.”

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இடது பக்கக் கப்பை முதலில் வீட்டிலேயே கழற்றுங்கள், அது எல்லா வண்டியிலும் நேர் மரை, சுலபமாக வரும். பெரும்பாலும் அதில் அளவு பொறித்திருக்கும். இல்லாவிட்டால் மரையை ஸ்கேல் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். 10 மரைக்குச் சரியாக 10 எம்எம் வந்தால் பிரெஞ்சு அல்லது சுவிஸ். அரை எம்எம்-முக்கு மேல் கூட வந்தால் இங்கிலீஷ் அல்லது இத்தாலி, இத்தாலிக் கப்பு 36 எம்எம் என்பதால் வெர்னியர் வைத்தாலே தெரிந்துவிடும்.

வலது கப்புக்கும் கடை தேவையில்லை. 16 எம்எம் போல்ட், நட்டு, கனமான வாஷர்கள் போதும். போல்ட்டைக் கப்பின் ஓட்டை வழியாக விட்டு, கப்பை இரண்டு பக்கமும் வாஷரால் நெருக்கிப் பிடிக்க வேண்டும். பிரெஞ்சு வண்டி என்றால் நட்டு உள்பக்கம் இருக்கட்டும். வெளியே போல்ட் தலையைப் பிடிக்காமல் விட்டுவிட்டு, இடது பக்கத்தில் இருந்து நீள எக்ஸ்டென்ஷன் போட்ட சாக்கெட்டால் நட்டை முடுக்குங்கள். ஒரு கட்டத்தில் நட்டும் கப்பும் இறுகி ஒன்றாகிக் கப்பே சுழல ஆரம்பிக்கும். இடது பக்கம் வலஞ்சுழி என்றால் வலது பக்கம் இருந்து பார்க்க அது இடஞ்சுழி, கழலுகிற திசை. இங்கிலீஷ் வண்டிக்கு நட்டை வெளிப்பக்கம் வைத்து முடுக்கினாலே ஆச்சு. முந்தின ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வைத்தால் இன்னும் நல்லது.

பவுடர் கோட்டிங்குக்கு மட்டும் கொடுப்பதானால், பிபி மரை, ஹெட் கப்பு (ஹேண்டில் பேரிங்) உட்காரும் இடம், சீட் குழாய் மூன்றையும் நீங்களே அடைத்துக் கொடுங்கள். சாமான்களைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு வெறும் ஃபிரேமை மட்டும் கொடுங்கள், போட்டோ எடுத்துக்கொண்டு. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நிறைய முட்டி மோதி 4,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு முதலில் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் பதிந்தேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாத குறையை அந்த வாட்ஸ்அப் மெசேஜும் ஜிபே ரசீதும் ஈடுகட்டுகின்றன. ஃபிரேமுக்கு இனி மரை வேண்டாத வகை பிபி வரவழைக்க வேண்டும், அல்லது இத்தாலி அளவுக்கு 36 எம்எம் மரை வெட்ட வேண்டும். அந்த மரை வெட்டுகிற டேப் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வாடகை தருகிறேன்.

இன்னொன்று. அவசரத்தில் பிரேக்கைக் கழற்றாமலே ஃபிரேமை எடுத்துப் போய்விட்டார்கள், பின் மஃபாக் பிரேக் திரும்பி வரவில்லை. “ஸ்கிராப்ல போயிருக்கும்” என்றார்கள். அதன் ஒரு கையின் உள்பக்கம் அரம் பட்ட சாய்வுக் கோடு ஒன்று இருக்கும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் பார்க்கிறவர்கள் கண்ணில் பட்டால், விலை எவ்வளவானாலும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.