உள் சீல் போய்விட்டதா? அவுட்போர்டை இறக்கும் முன் எந்தச் சோதனையை நம்பலாம்

கடலூர் முகத்துவாரத்தில் அலை பார்த்து வேகத்தைக் குறைக்கும் நேரத்தில் இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்று படகு ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே கடலில் முழு வேகத்தில் ஒரு குறையும் இருக்காது; ஐடிலிங்கில் (த்ராட்டில் கொடுக்காமல் மெதுவாக ஓடும் நிலையில்) மட்டும் நிலைத்து ஓடாது. பிச்சாவரம் கால்வாயிலோ சுண்ணாம்பாற்றிலோ மெதுவாகவே ஓட வேண்டிய படகென்றால் இது உடனே தெரிந்துவிடும். இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) இப்படி வந்தால் கிராங்க்கேஸின் உள் சீலையும் சந்தேகப்பட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க நான்கைந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. எல்லாம் ஒரே தரம் இல்லை.

டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையும் (கிராங்க்கேஸ்) ஒரு பம்ப். பிஸ்டன் ஏறும்போது காற்று, எரிபொருள் கலவையை உறிஞ்சும், இறங்கும்போது அழுத்தி மேலே அனுப்பும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அறை தனி. மேலே மேக்னட்டுக்கு (கிராங்க் உச்சியில் சுழலும் காந்தச் சக்கரம்) அடியில் ஒரு ஆயில் சீல், கீழே டிரைவ் ஷாஃப்ட் சேருமிடத்தில் ஒன்று, இரண்டு அறைகளுக்கும் நடுவே கிராங்க் மீது ஒன்று. உள் சீல் என்பது இந்த நடு சீல்தான். சில இன்ஜின்களில் இது பிஸ்டன் ரிங் மாதிரி வளையம். பலவற்றில் லேபரிந்த், அதாவது பள்ளங்கள் வெட்டிய, எதையும் உரசாமல் சுழலும் உலோகச் சீல். ஒரு பிஸ்டன் இறங்கும்போது மற்றது ஏறுகிற இன்ஜினில் ஒரு பக்கம் அழுத்தம், மறுபக்கம் உறிஞ்சல். நடு சீல் தேய்ந்தால் கலவை அந்தப் பக்கம் ஓடிவிடும். 800 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் ஒருமுறை இறங்க சுமார் 37 மில்லி விநாடி ஆகிறது. 5000-இல் 6 மில்லி விநாடிதான். கசிவதற்கே நேரமில்லை. அதனால்தான் வேகத்தில் குறை மறைந்துவிடுகிறது.

இப்போது சோதனைகளுக்கு வருவோம். பட்டறைக்குப் போனதும் முதலில் வெளியே வருவது கம்ப்ரஷன் கேஜ். "கம்ப்ரஷன் நல்லா இருக்குண்ணே, இன்ஜின்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிடுவார்கள். அந்த கேஜ் பார்ப்பது பிஸ்டனுக்கு மேலே மட்டும்: ரிங், போர், ஹெட் கேஸ்கெட். கீழ் அறையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டு சிலிண்டருக்கும் 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டாம், அவ்வளவுதான். சீலுக்கு நற்சான்று கொடுக்க அது போதாது.

கார்ப்ரேட்டர் கிளீனரை மேக்னட்டைச் சுற்றி அடித்து ஆர்.பி.எம். மாறுகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. மேல் சீலுக்கும் கிராங்க்கேஸ் ஜாயிண்டுக்கும் ஓரளவு சரி. நடு சீலுக்குப் பயனே இல்லை, ஸ்பிரே அங்கே எட்டாது. சுழலும் மேக்னட், சூடான இன்ஜின், தீப்பிடிக்கும் ஸ்பிரே மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதையும் மறக்கக் கூடாது.

பிரஷர் பம்ப் சோதனைக்குத்தான் மரியாதை அதிகம். இன்டேக், எக்ஸாஸ்ட் வழிகளை அடைத்து 5 முதல் 7 பி.எஸ்.ஐ. வரை காற்றை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சோப்பு நீர் தடவினால் குமிழி வரும் இடம் தெரியும். மேல், கீழ் சீல்களுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. (ஆர்வக் கோளாறில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் நல்ல சீலே பெயர்ந்து வந்துவிடும்.) ஆனால் நடுவில் லேபரிந்த் இருந்தால் இதே சோதனை ஏமாற்றும். உரசாத சீல் நின்ற நிலையில் காற்றைப் பிடித்து வைக்காது. புது இன்ஜினிலும் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் காற்று போகத்தான் செய்யும். அதைக் கசிவு என்று நினைத்து நல்ல கிராங்கைப் பிரித்துப் போட்டால் செலவு வீண். கம்ப்ரஷன் கேஜ் கெட்டதை நல்லது என்கிறது, பம்ப் நல்லதைக் கெட்டது என்கிறது.

நடு சீலுக்கு என் ஓட்டு, காசு செலவில்லாத பழைய வழிக்குத்தான். தண்ணீர் டிரம்மில் இன்ஜினை இறக்கி ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக் வயரை நிறுத்திப் பார்ப்பது. வயரைக் காற்றில் தொங்க விடாமல் எர்த் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சி.டி.ஐ. யூனிட் (பிளக்குக்குப் பொறி தரும் எலக்ட்ரானிக் பெட்டி) போய்விடலாம். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் என்றாலும் சோதனையைப் பெட்ரோலில் செய்யுங்கள். எந்த சிலிண்டரை நிறுத்தியும் சத்தம் மாறவில்லையோ, அது வேலை செய்யவில்லை. பிளக்கையும் காயிலையும் இடம் மாற்றிப் பாருங்கள். குறை அதே சிலிண்டரிலேயே நின்று, த்ராட்டில் கொடுத்ததும் அது உயிர் பெற்றால் கீழ் அறையைத்தான் பார்க்க வேண்டும். 15 குதிரைத்திறன் வரையுள்ள பல இரட்டை சிலிண்டர் இன்ஜின்களில் கார்ப்ரேட்டர் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து கலவை போகும்போது ஒன்று மட்டும் படுத்தால் கார்ப்ரேட்டரைத் திட்டுவதில் நியாயமில்லை.

இருந்தாலும் உடனே சீல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதே குறையைக் காட்டும் ஆட்கள் இரண்டு பேர் உண்டு. ரீட் வால்வு (கலவையை அறைக்குள் மட்டும் விடும் மெல்லிய ஒருவழித் தகடு) உடைந்திருந்தால் கார்ப்ரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் புகை போலத் திரும்பி வரும். இன்னொன்று, கிராங்க்கேஸின் அடியில் தேங்கும் ஆயிலை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் சிறு ஹோஸ்களில் உள்ள ஒருவழி வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அறையின் அழுத்தம் அந்த வழியாகப் போய்விடும். ஹோஸைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும். நிறைய பேர் பார்க்காமலே விடும் இடம் இது.

இதெல்லாம் தாண்டியும் குறை அங்கேயே இருந்தால் இன்ஜினை இறக்கிப் பிரிக்கலாம். வளைய வகை சீலைக் கிராங்க்கேஸைப் பிளந்து மாற்றிவிடலாம். லேபரிந்த் என்றால் பெரும்பாலும் பிரஸ் வைத்துக் கிராங்கையே பிரித்துச் சேர்க்க வேண்டும். நல்ல கை அமையாவிட்டால் முழு கிராங்காக மாற்றுவது மேல். திறந்த கையோடு மேல், கீழ் சீல்களையும் மாற்றிவிடுங்கள். கீழ் சீலுக்காகத் தனியாக இன்னொருமுறை பவர்ஹெட்டை (மேலே உள்ள இன்ஜின் பகுதியை) தூக்குவது இரட்டைக் கூலி. அதோடு, கீழ் சீல் வழியாக உப்புத்தண்ணீர் ஏறி அடி பேரிங் துருப்பிடித்திருக்கிறதா என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.