உடலியங்கியல் ஆய்வகத்துக்கு நான்கு சேனல் பதிவுக் கருவி: வாங்கலாமா?

வடசென்னையில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் செயல்முறை வகுப்பு எடுப்பவன் என்ற முறையில், எங்கள் துறையில் பயன்பாட்டில் உள்ள கணினிவழிப் பதிவுக் கருவியைப் பற்றி எழுதுகிறேன். நான்கு சேனல்கள், அதாவது ஒரே நேரத்தில் நான்கு பதிவுகளை எடுக்கும் வழிகள், கொண்ட சிறு பெட்டி அது. இசிஜி (இதயத்தின் மின்பதிவு) எலெக்ட்ரோடு ஒயர்கள், விரலில் மாட்டும் நாடி சென்சார், மார்பைச் சுற்றிக் கட்டும் மூச்சுப் பட்டை, மூச்சுக் காற்றின் அளவை அளக்கும் ஸ்பைரோமீட்டர், நரம்பைத் தூண்டும் ஸ்டிமுலேட்டர் ஆகியவை உடன் வருகின்றன. யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்பில் இணைத்தால் எல்லாப் பதிவுகளும் ஒரே திரையில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகின்றன. விற்ற நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். சொல்லப்போவது இவ்வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

கைமோகிராஃப் என்ற பழைய பதிவுக் கருவியின் சுழலும் உருளையில் புகைக்கரி படிந்த தாளைச் சுற்றி, தவளையின் கெண்டைக்கால் தசை சுருங்குவதை ஊசி முனையால் பதித்து, வார்னிஷில் நனைத்துக் காயவைத்தவர்கள் இன்றும் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டத்தில் தவளைப் பரிசோதனைகளைக் கணினித் திரையில் பார்த்தறிந்தால் போதும். தவளைக்கு அது நல்லதுதான். ஆனால் பார்ப்பவர் கை சும்மா இருக்கிறது. அந்தக் குறையை இக்கருவி பெருமளவு தீர்க்கிறது. ஏனெனில் இங்கே பரிசோதனைக்குரிய உடல் மாணவருடையதே.

இதன் உண்மையான பலம் இசிஜி எடுப்பதில் இல்லை. அதை எந்த வார்டிலும் எடுக்கலாம். இசிஜியையும் விரல் நாடியையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும்போதுதான் விலைக்கு உரிய பயன் தெரிகிறது. திரையில் ஆர் அலை (இதயக் கீழறைகள் தூண்டப்படுவதைக் காட்டும், இசிஜியின் கூரிய முனை) எழுந்து சுமார் 0.2 நொடி கழித்தே விரலில் நாடி எழுகிறது. அந்த இடைவெளி ஏன் என்று கேட்டால் முதலில் வகுப்பு மௌனமாகிவிடும். பிறகு ஒருவர், மின்தூண்டல் வந்ததும் இதயக் கீழறை உடனே இரத்தத்தை வெளியேற்றுவதில்லை, அறைக்குள் அழுத்தம் உயர்ந்து மகாதமனி வால்வு திறக்க வேண்டும் என்பார். இன்னொருவர், நாடி அலை தமனிச் சுவர் வழியே விரல்வரை வந்துசேரவும் நேரம் பிடிக்கும் என்பார். பாடநூலில் இரு வேறு அத்தியாயங்களில் கிடப்பவை ஒரே விடையில் சேர்ந்துவிடுகின்றன.

மூச்சுப் பட்டையையும் கட்டிவிட்டால் இன்னும் சுவை. பதினெட்டு வயது உடலில் மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு விரைவதும் விடும்போது தணிவதும் தெளிவாகவே தெரியும். தன் ஆர் அலைகள் சீரற்ற இடைவெளியில் வருவதைக் கண்ட ஒரு மாணவி, “சார், எனக்கு ஹார்ட்ல ஏதாவது ப்ராப்ளமா?” என்று கேட்டார். பட்டையின் பதிவை அருகில் வைத்துக் காட்டியதும், இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வேலை அது என்று அவரே சொல்லிவிட்டார். நரம்புக் கடத்தல் வேகத்தை, அதாவது நரம்பில் தூண்டல் பயணிக்கும் வேகத்தை, அளப்பதையும் இக்கருவியில் நன்றாகவே செய்ய முடிகிறது. முழங்கையிலும் மணிக்கட்டிலும் தூண்டிய இடங்களுக்கு இடையே 24 செ.மீ., கைத்தசை எதிர்வினை காட்டும் தாமதங்களின் வேறுபாடு 4 மில்லிநொடி என்றால் நொடிக்கு 60 மீட்டர் என்று மாணவரே வகுத்துக் காண்கிறார்.

மென்பொருளின் மீது எனக்கு மனக்குறை உண்டு. மாணவர் ஆர் அலைகளின் இடைவெளியை அளந்து கணக்கிடும் முன்பே இதயத் துடிப்பு எண்ணை மூலையில் பெரிதாகக் காட்டிவிடுகிறது. அந்த எண் நேராக ரெக்கார்டு நோட்டுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு, ஆர் அலைக்குப் பின் வரும் டி அலை உயரமாக இருப்பவர்களுக்கு அதையும் ஆர் அலையாக எண்ணி, அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு 140 என்று காட்டியதும் உண்டு. எவ்வளவு உயரமான அலையைத் துடிப்பாக எண்ண வேண்டும் என்ற அளவை உயர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் எண் தெரியும் அந்தக் கட்டத்தையே மூடிவைத்து வகுப்பைத் தொடங்குவது என் வழக்கம்.

நம் பகுதியின் உப்புக் காற்றும் புழுக்கமும் கருவிக்கு ஒத்துவருவதில்லை. ஒயர் முனைக் கிளிப்புகளில் பச்சை படிகிறது. வியர்த்த தோலில் எலெக்ட்ரோடு நழுவுகிறது. ஸ்பிரிட் பஞ்சால் நன்கு துடைத்து உலரவிட்ட பின்பே ஒட்ட வேண்டும். எர்த் சரியில்லாத பழைய பிளக் பாயின்ட் என்றால் மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவின்மேல் தடித்த பட்டையாகப் படரும். ஆர் அலைக்கு முன் வரும் சிறிய பி அலை அதற்குள் மறைந்தே போகும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் கோடு தெளிவதை மாணவர்கள் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே ஒருமுறை விட்டுவைப்பேன்.

விலையைப் பார்த்து, மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏடி8232 என்ற சிறு இசிஜி மாட்யூலே போதுமே என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. மின்னணுவியல் கற்க அது நல்ல பொருள்தான். ஆனால் சார்ஜரில் மாட்டிய கணினியோடு இணைத்து ஒருவர் உடலில் பொருத்தக் கூடாது. கல்லூரி வாங்கும் பெட்டியில் மனித உடலுக்கும் மின்சாரத்துக்கும் இடையே மின்காப்பு உண்டு. அதற்கான ஐஇசி 60601 (மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புத் தரநிலை) சான்றைக் கேட்டு வாங்குவது துறைத்தலைவரின் கடமை.

வாங்க நினைக்கும் துறைகள் பெட்டிகளின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் இருவர் செய்வார்கள், மற்றவர்கள் மீண்டும் பார்வையாளர்களே. ஐந்து பேருக்கு ஒன்று என்ற கணக்குக்கு நிதி இல்லையெனில், எட்டு சேனல் உயர்ரகத்தை விட்டு, நான்கு சேனலையே கூடுதலாக வாங்குங்கள். விரல் சென்சார்தான் முதலில் கெடும். உதிரியாக இரண்டையும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் முதல் பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.