பாதி விலைக்கு வரும் கூடாரமும் அதன் பூச்சும்

செம்பனை ஆலையில் என்னுடன் வேலை செய்யும் தம்பி ஒருவன், "அண்ணே, உங்களிடம் இருக்கும் அதே நால்வர் கூடாரம் பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டான். அளவும் எடையும் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். பல ஆண்டுகள் பழகிய பிறகு எனக்குப் பேசத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: மேல்விரிப்பின் (கூடாரத்தின் வெளித்துணி) உட்பக்கத்தில், மழைநீர் புகாமல் தடுக்க இருக்கும் பூச்சு.

முதலில் கூடாரத்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். மலையில் இந்தக் கூடாரம் எங்களைக் கைவிட்டதே இல்லை. மலேசியாவில் எங்கள் ஊரான பீடோரில் வெயிலில் வியர்த்துக் கிளம்பி, தாப்பாவில் 59ஆம் எண் சாலையைப் பிடித்து வளைந்து வளைந்து ஏறினால், கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். காட்டை ஒட்டிய முகாம் தளத்தில் தரை காய்ந்து நான் பார்த்ததில்லை. மாலையில் பிடிக்கும் மழை சில நாள் நள்ளிரவு வரை விடாது. பக்கத்துக் கூடாரங்களில் ஆட்கள் எழுந்து துணியைப் பிழிந்துகொண்டிருக்க, எங்கள் பிள்ளைகள் புரளாமல் தூங்கியிருக்கிறார்கள்.

மலைக்குளிரில் மழையைவிடத் தொல்லை கொடுப்பது நம் மூச்சு. நான்கு பேர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. விடியற்காலையில் முகத்தில் சொட்டு விழுந்ததும் கூடாரம் ஒழுகுகிறது என்று பலர் திட்டுவது இதைத்தான். எங்கள் கூடாரத்தில் உள்கூடு வலைத்துணி, மேல்விரிப்பு அதிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி நிற்கிறது. கைவிளக்கை அடித்துப் பார்த்தால், மேல்விரிப்பின் உட்புறத்தில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கோடு போட்டு இறங்கி, ஓரத்து மடிப்பு வழியாக வெளியே மண்ணில் சொட்டுவது தெரியும். வலைத்துணியைத் தொட்டால் காய்ந்தே இருக்கும். இதை வடிவமைத்தவருக்கு மலை தெரிந்திருக்கிறது.



இப்படிப்பட்ட கூடாரம் மலையில் கிழியவில்லை, காற்றில் ஒடியவில்லை. பீடோரில், என் வீட்டு அலமாரியில், பைக்குள் இருந்தபடியே அழிந்தது. ஒவ்வொரு முறையும் கொடியில் போட்டு நன்றாகக் காயவைத்துத்தான் மடித்தேன். ஆனாலும் சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் பையைத் திறந்தபோது குப்பென்று புளித்த வாந்தி வாடை அடித்தது. மேல்விரிப்பின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் பால்மரக் கோப்பையில் கிடக்கும் ஒட்டுப்பாலைப் போல விரலோடு இழுபட்டது. தையல்மேல் ஒட்டியிருந்த நாடா பட்டை பட்டையாகக் கையோடு வந்தது.

அது பூஞ்சணம் அல்ல. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு காற்றின் ஈரத்தை வாங்கி மெல்ல மெல்லச் சிதைகிறது. வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெப்பம் கூடக் கூட வேகமும் கூடும். குளிர்நாட்டு அலமாரியில் நெடுங்காலம் தாங்கும் பூச்சு, ஆண்டு முழுவதும் புழுங்கும் நம் ஊரில் எப்படித் தாங்கும்? பாலியூரித்தேனிலும் இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் வகை ஈரத்துக்கு விரைவில் பணிந்துவிடும், பாலியீதர் வகை அதைவிட நெடுநாள் நிற்கும். சிலிக்கோன் பூச்சுக்கு இந்த நோயே வராது. எந்த வகை என்று பெட்டியில் ஒரு வரி இல்லை. "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். குளிர்சாதனம் ஓடாத தோட்டப்புற வீட்டில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? இந்த நாட்டில் விற்று நம் காசை வாங்குகிறவர்கள் இந்த நாட்டின் காற்றை நினைத்துப் பார்க்க வேண்டாமா? கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். பயன்பாட்டுத் தேய்மானம், உத்தரவாதம் செல்லாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அலமாரியில் சும்மா இருந்தது எந்தப் பயன்பாடு? இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

பிறகு வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, பழைய பூச்சைத் தேய்த்தே எடுத்தேன். புதிதாகப் பாலியூரித்தேன் பூசி, தையல்களை அடைத்திருக்கிறேன். பழையது மிச்சம் இருந்தால் அதன்மேல் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது கூடாரத்தைப் பையில் திணிப்பதில்லை. காற்றாடி ஓடும் அறையில் தளர்வாகத் தொங்குகிறது.

தம்பி, மலைக்கு இதைவிட நல்ல கூடாரத்தில் நான் படுத்ததில்லை. ஆனாலும் வாங்காதே. பூச்சின் வயது நீ காசு கொடுத்த நாளில் தொடங்குவதில்லை, தொழிற்சாலையில் பூசிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பாதி விலைக்குத் தள்ளுவது கிடங்கில் நெடுநாள் கிடந்த சரக்காகவும் இருக்கலாம். வாங்கியே தீருவேன் என்றால், கடையிலேயே பையைப் பிரித்து மேல்விரிப்பின் மடிப்பை முகர்ந்து பார். கொஞ்சம் புளித்த வாடை வந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு.